நாய் வண்டி வாசலில் நின்றால்

திண்டுக்கல்லில் பல நாய்களுக்குச் சோறு ஒரு வீட்டில், தூக்கம் தெருமுனையில். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலாட்டி ஓடிவரும். கழுத்தில் பட்டைதான் இருக்காது. மாநகராட்சியின் நாய் வண்டி வரும் நாளில் தகராறு இங்கேதான் தொடங்குகிறது. சோறு போட்டவருக்கு அது வீட்டுப் பிள்ளை. பிடிக்க வந்தவருக்குத் தெருநாய்.

2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகள் வளர்ப்புப் பிராணி வேறு, தெருப் பிராணி வேறு என்று பிரிக்கின்றன. தெருநாயைப் பிடிப்பதுகூடக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதற்காகத்தான். பிடிக்கும் முன் அந்தப் பகுதியில் அறிவிப்பு வைக்க வேண்டும். ‘அடிச்சுக் கொன்னுருவோம்’ என்று மிரட்டும் அதிகாரம் எந்த ஊழியருக்கும் கிடையாது.

ஒரு விதிவிலக்கை மறக்க வேண்டாம். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கப்படும் தெருநாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் வளரும் உங்கள் நாய் அந்தப் பக்கம் சுற்றப்போய்ப் பிடிபட்டால், அது உங்களுடையது என்று காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும். உரிமையாளர் பெயரோடு தடுப்பூசி அட்டை, சில புகைப்படங்கள், கழுத்துப் பட்டை, வாங்கியிருந்தால் மாநகராட்சி உரிமம். அரசு கால்நடை மருத்துவமனையில் ஊசி போட்டுவிட்டு அட்டை வாங்காமல் வருபவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நாயைக் கொன்றேவிட்டால்? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு, பத்து ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள விலங்கு என்று பேசியது. காசு கொடுத்து வாங்காத நாட்டு நாய்க்கு என்ன விலை சொல்வது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் விலைப் பேச்சே இல்லை. எந்த விலங்கைக் கொன்றாலும், விஷம் வைத்தாலும், ஊனமாக்கினாலும் ஐந்தாண்டு வரை சிறை. என் பார்வையில் ஏழை வீட்டு நாய்க்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு இது. எனவே புகாரில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தை மட்டும் போட்டால், முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தொகை இவ்வளவுதான் என்பது வெட்கக்கேடு.

பிராணி வளர்க்கும் உரிமைக்கு ஒரு தீர்ப்பும் துணை நிற்கிறது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, கொச்சிக்காரர் ஒருவர் தம் மூன்று பூனைகளுக்கு பிஸ்கட் வாங்கிவர அனுமதி கேட்டார். போலீஸ் மறுத்தது. வீட்டில் சைவச் சமையல். பூனைகளுக்கு அந்த பிஸ்கட்தான் சாப்பாடு. கேரள உயர் நீதிமன்றம் அவரைப் போகவிட்டது. பிராணி வளர்ப்பதும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் தனிமனித உரிமைக்குள் வரும் என்றது. அந்தத் தீர்ப்பு தமிழக நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதத்தில் எடுத்துக்காட்டலாம்.

கூண்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு இந்த உரிமை எதுவும் கிடையாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அதைப் பறிமுதல் செய்யலாம், வழக்கும் போடலாம். நாய் வளர்ப்பவர்களுக்கும் கடமை உண்டு. உங்கள் அலட்சியத்தால் அது ஆளைக் கடிக்கும் நிலை வந்தால் ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். கடிபட்ட குழந்தையின் தாய் கேட்கும் நியாயமும் நியாயம்தான்.

வண்டி வாசலில் நின்றால் கைகலப்பு வேண்டாம். என்ன உத்தரவு, யார் போட்டது, நாயை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அன்றே மாநகராட்சி ஆணையருக்கு மனு கொடுத்து, ரசீது பெறுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். அதற்கும் மேலே போவதென்றால், திண்டுக்கல்லுக்கு உயர் நீதிமன்றக் கிளை பக்கத்திலேயே மதுரையில் இருக்கிறது.