நகல் கணினியில் மணி என்ன?

சிங்கப்பூரில் ஒரு முதன்மைத் தரவுத்தளம். அது பழுதானால் உடனே பொறுப்பேற்க மும்பையில் அதன் நகல் ஒன்று தயாராகக் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இரு ஊர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கு காலை 9 மணிக்குச் செய்த பதிவு அங்கு 6.30 ஆகிவிடாதா? தரவுத்தளப் பாடத்தில் எனக்கு முதலில் எழுந்த கேள்வி இதுதான்.

ஆகாது. மாற்றங்களை வரிசைப்படுத்த நகல் கடிகாரத்தை நம்புவதில்லை. ஆரக்கிளில் மாற்றங்களுக்கு ஏறுவரிசையில் எண் உண்டு. நகல் அந்த வரிசைப்படியே அவற்றை ஏற்றுக்கொள்ளும். 9 மணி என்று எழுதியிருந்தால் 9 மணி என்றே போய்ச் சேரும்.

சிக்கல், நகல் பொறுப்பேற்ற பிறகு தொடங்குகிறது. ஆரக்கிளில் 'சிஸ்டேட்' என்று கேட்டால், வழக்கமாக அந்தக் கணினியின் இயங்குதளம் காட்டும் நேரமே பதிலாக வரும். அது மும்பை நேரத்தில் ஓடினால் மும்பை மணிதான். காலை 9.05க்குக் காலாவதியாக வேண்டிய ஒருமுறை மறைச்சொல்லை அந்த மணியோடு ஒப்பிட்டால், அது நம் நேரப்படி 11.35 வரை செல்லும். இரவு 11.59க்குள் அனுப்ப வேண்டிய ஒப்படைப்பை அதிகாலை 1 மணிக்கு அனுப்பினாலும் முந்தைய இரவு 10.30 என்றே பதிவாகும். நம்மில் சிலருக்கு இது வரமாகத் தோன்றலாம். ஆனால் வங்கிக் கணக்கில், பணம் போடுவதற்கு முன்பே எடுத்ததாகப் பதிவு நின்றால் யார் பதில் சொல்வது?

நகலையும் சிங்கப்பூர் நேரத்தில் வைத்தால் போதாதா? இங்கே போதும். முதன்மை சிட்னியில் இருந்தால் போதாது. அங்கு ஏப்ரல் முதல் ஞாயிறன்று அதிகாலை 3 மணியை 2 ஆகத் திருப்புகிறார்கள், 2.30 இரண்டு முறை வரும். அதனால் இரு கணினிகளையும் 'யூடிசி' எனும் உலகப் பொது நேரத்தில் ஓடவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து.

அப்படி மாற்றும்போதும் வெறுமனே 8 மணி நேரத்தைக் கூட்டக்கூடாது. 1982 ஜனவரி 1 அன்றுதான் சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் அரை மணி முன்னே நகர்ந்தன. அதற்கு முன் பல ஆண்டுகள் ஏழரை மணி நேர வித்தியாசமே இருந்தது. 1980ல் இங்கு பிறந்தவருக்கு ஜாதகம் கணிப்பவரும் இதைக் கவனித்தாக வேண்டும். 'ஆசியா/சிங்கப்பூர்' என்று நேர மண்டலத்தின் பெயரைக் கொடுத்தால், அந்த அரை மணியைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.