இதயக் கருவி இருந்தால் போதுமா? கம்பியையும் கவனிக்க வேண்டும்

உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு, நெஞ்சின் மேற்பகுதியில் தோலுக்கு அடியில் ஐ.சி.டி. எனும் சிறிய கருவி பொருத்தப்படுகிறது. இதயம் திடீரெனக் கட்டுக்கடங்காமல் துடித்தால், இக்கருவி மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும். 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட இது, இன்று மலேசியாவிலும் பொருத்தப்படுகிறது.

“கருவி வைத்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை” என்று சிலர் மருத்துவப் பரிசோதனைக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள். கருவி நன்றாக இருந்தாலும், அதிலிருந்து இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் செல்லும் மெல்லிய கம்பி பழுதாகலாம். இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 100,000 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தக் கம்பி அசைந்து கொடுக்கிறது.

பொருத்திய முதல் சில வாரங்களில் கம்பியின் நுனி இடம் நகர்ந்துவிடலாம். அதனால்தான் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம் என்கிறார்கள். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும்.

நாளடைவில், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் கம்பி நசுங்கி உடையலாம். அதன் மேலுறையும் தேயலாம். செம்பனைக் குலை வெட்டுவதுபோல் கையை உயர்த்தியே வேலை செய்பவர்கள், வேலைக்குத் திரும்புமுன் மருத்துவரிடம் தங்கள் வேலையைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

தோலுக்கு அடியிலுள்ள கருவியை விரலால் திருப்பிக்கொண்டே இருக்கும் பழக்கமும் ஆபத்தானது. கருவி சுழலச் சுழல, நூல்கண்டில் நூல் சுற்றுவதுபோல் கம்பி சுற்றிக்கொண்டு இதயத்திலிருந்து விலகிவிடும்.

பழுதான கம்பியால் இருவகைத் தீங்கு நேரலாம். உடைந்த இடத்தில் எழும் மின் இரைச்சலைத் தாறுமாறான துடிப்பு என்று எண்ணி, கருவி தேவையில்லாமல் மின்னதிர்ச்சி கொடுக்கலாம். அல்லது உண்மையிலேயே தேவைப்படும்போது கொடுக்காமல் போகலாம்.

2007ஆம் ஆண்டு மெட்ரானிக் நிறுவனத்தின் ‘ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ்’ வகைக் கம்பிகள் முறிவதாகத் தெரியவந்து, அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 268,000 கம்பிகள் பொருத்தப்பட்டிருந்தன. கம்பியை வெளியே எடுப்பதிலும் ஆபத்து இருப்பதால், நல்ல நிலையில் இருந்தவற்றை எடுக்காமல் கண்காணிக்கும்படியே மருத்துவர்களுக்கு ஆலோசனை கூறப்பட்டது.

கம்பியின் பழுது பல நேரங்களில் உடலுக்குத் தெரியாது. பரிசோதனையில் கம்பியின் மின்தடையை அளந்து, பழுதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். ஆகவே, உடம்பு நன்றாக இருந்தாலும் குறித்த தேதியில் செல்வது அவசியம். கருவியிலிருந்து ஒலியோ அதிர்வோ வந்தால் உடனே மருத்துவமனையை அழையுங்கள்.

ஒரு முறை மின்னதிர்ச்சி ஏற்பட்டு, பிறகு உடல் சீராக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். அடுத்தடுத்து ஏற்பட்டாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் இருந்தாலோ 999 எண்ணை அழையுங்கள். அப்போது அவரைத் தொட வீட்டார் அஞ்ச வேண்டாம். இலேசான சுரீர் உணர்வு வரலாம், ஆபத்தில்லை. கருவியின் அடையாள அட்டை எப்போதும் அவர் பணப்பையில் இருக்கட்டும்.