நாகையும் கடாரமும்: படையெடுப்புக்கு முன்னும் பின்னும்

ஜெலாப்பாங் உள்ளிட்ட ஈப்போ வட்டாரத்துத் தமிழர் பலரின் முன்னோர் கப்பலேறிய நாகப்பட்டினம், பால்மரத் தோட்டங்கள் தோன்றுவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, சோழப் பேரரசின் பெருந்துறைமுகமாக இருந்து மலாய்த் தீபகற்பத்துடன் வணிகம் நடத்திய நகரமாகும். அந்நகரை ஆண்டோரைப் பற்றிப் பேசுவோர் ‘கடாரம் கொண்டான்’ என்னும் முதலாம் இராசேந்திரனின் விருதுப்பெயரையே பெருமையுடன் எடுத்துரைக்கின்றனர். அவனது கடாரப் படையெடுப்புக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட கொடை ஆவணங்களை நினைப்போர் சிலரே.

கடாரம் என்பது இன்றைய கெடா. அதை ஆண்ட ஸ்ரீவிஜய வேந்தன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் நாகையில் ஒரு விகாரம், அதாவது பௌத்தத் துறவியர் பள்ளி, எழுப்பினான். சிவபக்தனான முதலாம் இராசராசன் 1006ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயான ஏறத்தாழ 8,900 கலம் நெல்லை அவ்விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்படும் அறக்கொடையாக, வழங்கினான். பெண்யானையொன்றை ஊரெல்லை நெடுகச் சுற்றிவரச் செய்து, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுத்த செய்தியை 21 செப்பேடுகள் கூறுகின்றன. தந்தையின் கொடை நிலைக்க வேண்டுமென்று இவ்வேடுகளை வெட்டுவித்தவன் இராசேந்திரனே. 1025இல் கடாரத்தின்மீது கப்பற்படை செலுத்தியவனும் அவனே.

சீனத்துக்குச் செல்லும் கடல்வழி வணிகத்தில் ஸ்ரீவிஜயம் கொண்டிருந்த பிடியே போருக்குக் காரணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆயினும் பகை நீடிக்கவில்லை. 1090இல் கடாரத்தரசனின் தூதர் இருவர் வந்து வேண்ட, இராசேந்திரனின் மகள்வயிற்றுப் பேரனான முதலாம் குலோத்துங்கன் பள்ளிக்குரிய வரிவிலக்கை மேலும் மூன்று செப்பேடுகளில் உறுதிசெய்தான்.

நகரம் பின்னர் போர்த்துகீசியரிடமும், 1658இல் ஒல்லாந்தரிடமும், 1781இல் ஆங்கிலேயரிடமும் சென்றது. செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன; விகாரத்தின் எச்சமாக நின்ற கோபுரத்தை 1867இல் அரசின் இசைவோடு இயேசு சபையினர் இடித்தனர். அரசர்கள் காத்ததை அலுவலகக் கோப்பொன்று முடித்துவைத்தது எனலாம்.

பௌத்தம் பரவிய இவ்வணிக உலகில் ஈப்போ அமைந்துள்ள பேராக் மாநிலமும் பங்குகொண்டிருந்தது. 1936இல் பீடோரில் ஈயலம்பமொன்றைத் தோண்டியபோது கிடைத்த, எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை, சோழர் கப்பல்கள் வருவதற்கு முன்பே கடலோடிகளின் சமயம் இம்மாநிலத்தின் ஈய நிலங்களை எட்டியிருந்ததற்குச் சான்றாகும்.