இருதயச் சோதனையும் கண் பார்வையும்

இருதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு உளதா என்று அறிவதற்கு, மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள தமனியின் வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்திச் சோதிப்பதை இன்று கிராம மக்களும் அறிவர். 1929-ஆம் ஆண்டில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மானிய டாக்டர், தம் கையிலுள்ள சிரை வழியாகத் தமது இருதயத்திற்கே குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினார். அவருக்கும் வேறு இருவருக்கும் 1956-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இச்சோதனை பெரும்பாலும் தீங்கின்றியே முடிகிறது. எனினும், மிக அரிதாகச் சிலருக்குக் கண் பார்வை பாதிக்கப்படுவதுண்டு. இருதயத்திற்குச் செய்த சோதனை கண்ணைத் தாக்குவது எங்ஙனம்? வாய்க்காலைச் சுத்தம் செய்யும்போது பெயர்ந்த சருகு, கீழ்மடையில் சென்று அடைத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறே, பெருந்தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் துணுக்கோ, உறைந்த இரத்தத் துளியோ கழுத்துத் தமனி வழியே சென்று, விழித்திரையின் நுண்ணிய தமனியை அடைத்துவிடக் கூடும். அப்போது ஒரு கண் திடீரென இருளும், வலி இராது. அடைப்பு நீங்காவிடில், சில மணி நேரத்திற்குள் விழித்திரை மீளாத சேதம் அடைகிறது.

படத்தில் இரத்தக் குழாய்கள் தெரிவதற்காகச் செலுத்தப்படும் அயோடின் கலந்த மருந்தும், அரிதாக, மூளையில் பார்வைக்குரிய பகுதியைப் பாதிக்கும். அப்போது இரு கண்களுமே தெரியாமற் போகலாம். இவ்வகைக் குறை பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் நீங்கிவிடுகிறது. எனினும், வந்திருப்பது எந்த வகை என்பதை டாக்டரே சோதித்துக் கூற இயலும்.

ஆகவே, "களைப்பினால் மங்குகிறது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று எண்ணி வாளாவிருத்தல் பெருந்தவறு. சோதனை முடிந்தபின் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்து, பின்னர் மாற்றிப் பார்ப்பது நன்று. மங்கலோ, இருளோ, இரட்டைத் தோற்றமோ தென்பட்டால் அக்கணமே நர்ஸிடம் தெரிவிக்க வேண்டும். வீடு திரும்பிய பின் தோன்றினால், சொட்டு மருந்தும் கைவைத்தியமும் செய்து காலங்கழிக்காமல், 108 ஆம்புலன்ஸை அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும். முன்னர் பக்கவாதமோ பார்வைக் குறைவோ இருந்திருப்பின், அதைச் சோதனைக்கு முன்பே டாக்டரிடம் கூறிவிட வேண்டும்.

அரிதாக நேரும் இத்தீங்கிற்கு அஞ்சி, உயிர் காக்கும் சோதனையைத் தவிர்ப்பது அறிவுடைமை ஆகாது. சோதனைக்கு உடன்படுவோம், கண்ணில் மாறுதல் கண்டால் காலந்தாழ்த்தாது கூறுவோம்.