பொட்டலத்தில் இல்லாத இயந்திரம்

சமையலறை மேடையில் அரைக் கிலோ சாமை அரிசிப் பொட்டலம் ஒன்று இருக்கிறது. மண் நிறக் காகித உறை. முன்பக்கத்தில் பச்சை மலைத்தொடர், அதற்குக் கீழே உரலில் உலக்கை போடும் ஒரு பெண், கொல்லிமலை என்ற பெயர், பாட்டி சமையலை நினைவூட்டும் ஒரு வரி. பின்பக்கம் முழுக்கச் சின்ன எழுத்து. கடையில் நிற்பவர் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார். அந்தச் சில விநாடிகளில் உறையின் நிறமும் படமும் அவரிடம் வேண்டிய மட்டும் பேசிவிடும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறையைவிடச் சொரசொரப்பான காகிதம் அவருக்கு 'கலப்படமில்லை' என்று தோன்ற வைக்கும். இத்தனைக்கும் அந்தக் காகிதத்துக்கு உள்ளே பிளாஸ்டிக் பூச்சுதான்.

படத்தில் உலக்கை இருக்கிறது, மில் இல்லை. ஆனால் இந்தச் சாமை நம் வீடு வந்து சேர்ந்ததே மில்லால்தான்.

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) சாமையிலேயே பல ரகம் வைத்திருந்தார்கள்: மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலாச்சாமை, பெருஞ்சாமை, சடஞ்சாமை. பிறகு மரவள்ளி வந்தது. பிடுங்கி லாரியில் ஏற்றினால் சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் பணம் தந்துவிடும். சாமைக்கு அப்படி இல்லை. அறுத்து, அடித்து, காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி குத்த வேண்டும். அத்தனையும் பெண்கள் தலையில். வயலில் சாமை குறைந்ததற்கு விலை ஒரு காரணம் என்றால், இந்தக் குத்து வேலை இன்னொரு காரணம். பொட்டலத்தில் சிரிக்கும் பெண் எந்த வேலையை விட்டால் போதும் என்று இருந்தாளோ, அதையே அவள் கையில் கொடுத்துப் படம் போட்டிருக்கிறார்கள்.

நெல் அரைக்கும் மில்லில் இதைக் கொட்டினால் என்ன? அங்கே இரண்டு ரப்பர் உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று நெல்லின் உமியை உரித்தெடுக்கும். உருளைகளின் இடைவெளி நெல்லுக்கு வைத்தது. சாமையோ ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் மணி. உமி வழவழப்பாக இறுகப் பிடித்திருக்கும். இடைவெளியில் அப்படியே நழுவிவிடும். இடைவெளியைக் குறைத்தால் நொய்யாகிப் போகும்.

அதனால் சிறுதானியத்துக்குப் பெரும்பாலும் வேறு வழி: மணியை அழுத்தாமல் எறிவது. மேல் தொட்டியிலிருந்து மெல்லிய ஓட்டமாக இறங்கும் சாமை, அதிவேகமாகச் சுழலும் ஒரு தட்டின் நடுவில் விழும். தட்டு அதைச் சுற்றுச்சுவரில் வீசி அடிக்கும். மோதிய அதிர்ச்சியில் உமி வெடித்துப் பிளக்கும். கனமான அரிசி கீழே விழ, எடையற்ற உமியை ஊதுவிசிறி காற்றோடு இழுத்துப் போகும். முறத்தின் வேலையை இங்கே காற்று செய்கிறது. மோதும் வேகம் கூடினால் அரிசி உடையும், குறைந்தால் உமி போகாது. ஈரம் மிஞ்சினாலும் உமி பிளக்காது. எனவே தானியத்தை நன்றாக உலர்த்தி, கல் நீக்கி, சல்லடையில் அளவு பிரித்த பிறகே போடுவார்கள். அப்படியும் ஒரே ஓட்டத்தில் முடிவதில்லை. உரியாதது இன்னொரு முறை போக வேண்டும்.

1988இல் வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் இயங்குகிறது. ஊர்களில் சிறு மில்கள் வைத்து சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தது அதன் வேலைகளில் ஒன்று. அந்நிறுவனம் தன் அணுகுமுறையை நான்கு சொற்களில் சொல்லும்: பாதுகாத்தல், பயிரிடல், உண்ணல், விற்றல். ஆங்கிலத்தில் நான்கும் 'சி' எழுத்தில் தொடங்குவதால் காதில் நிற்கும். அரைத்தல் என்ற சொல்லுக்கு அந்த வரிசையில் இடமில்லை. பயிரிடலுக்கும் உண்ணலுக்கும் நடுவில், இரைச்சலும் உமித்தூசியுமாக, மில் நிற்கிறது. பொட்டலக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இனிப் பின்பக்கத்தைத் திருப்பலாம். முன்பக்கம் நெஞ்சைத் தொட்டது என்றால், இது எண்களால் நம்ப வைக்கும் பக்கம். சாமையில் 100 கிராமுக்கு இரும்புச்சத்து 9.3 மில்லிகிராம் என்று நீண்ட காலமாக எழுதிவந்தார்கள். அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை எண். அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் சாமையின் இரும்பு ஏறக்குறைய 1.3 மில்லிகிராம்தான். கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்துக்கு இந்தச் சரிவு நேரவில்லை. பழைய எண் 344, புதியது 364. உங்கள் பொட்டலத்தில் 9.3 என்று இருந்தால், அச்சடித்தவர் பழைய பட்டியலையே வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். நோயைக் குணப்படுத்தும் என்று எழுதியிருந்தால் அது 2018 உணவு விளம்பர விதிமுறைகளுக்கே புறம்பானது.

எனக்கு அந்தப் பக்கத்தில் பிடித்த வரி, காலாவதித் தேதி. உமியோடு இருக்கும் சாமை வருடக்கணக்கில் கெடாது. உமி நீங்கியதும் தவிட்டிலும் முளையிலும் உள்ள எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து, சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். தவிட்டை முழுக்கத் தீட்டி வெள்ளையாக்கினால் கூடுதல் நாள் தாங்கும், நார்ச்சத்து போய்விடும். ஆகவே 'தீட்டாதது' என்று முன்பக்கத்தில் எழுதிவிட்டு, பின்பக்கத்தில் நீண்ட ஆயுளும் கொடுத்திருந்தால் சந்தேகப்படலாம். இந்தப் பொட்டலத்தில் ஆறு மாதம் போட்டிருக்கிறது. பிரித்து முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை.

ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் களைந்தால், வெளிறிய அரிசிக்கு நடுவே பளபளவென்று நாலைந்து மணிகள் தனியாகத் தெரிகின்றன. உமி உரியாத சாமை. சுழலும் தட்டிலிருந்து இரண்டு முறையும் தப்பி வந்தவை. விரலால் பொறுக்கி ஓரமாக வைத்தேன்.