இருபத்தொரு ஆண்டுகள் கழித்து வந்த இசைத்தட்டு

நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்கும் மேனாட்டு இசையைப் பெரியவர்களாகிய நாம் பெரும்பாலும் இரைச்சல் என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். அச்சொல் முற்றிலும் பிழையன்று. இரைச்சலையே பண்படுத்தி, அதிலிருந்து தாலாட்டுப் போன்ற மென்மையை வரவழைக்க இயலுமா என்று முயன்ற ஒரு குழு உண்டு. அக்குழு 1991ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதற்கு அடுத்த தொகுப்பு 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் வெளிவந்தது. முதலாவது வெளியான நாளில் பிறந்த குழந்தை, அடுத்தது வருவதற்குள் கல்லூரிப் படிப்பை முடித்து வேலை தேடும் வயதை எய்தியிருக்கும். இத்துணை நெடிய மௌனத்துக்குக் காரணம் யாது, அம்மௌனத்தின் விலையைக் கொடுத்தவர் யாவர் என்பனவற்றை அன்பர்கள் அறிதல் நலம் என்று கருதி இதனை எழுதலானேன்.

குழுவின் பெயர் மை பிளடி வேலன்டைன். பெயரைக் கேட்டு மருள வேண்டா. அதே பெயரில் 1981இல் கனடாவில் ஒரு திகில் படம் வெளியாகியிருந்தது. குழுவை 1983இல் டப்ளின் நகரில் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் கெவின் ஷீல்ட்ஸ் என்னும் கிதார்க் கலைஞர். அயர்லாந்திலிருந்து பிழைப்பை நாடி அமெரிக்கா சென்ற பெற்றோருக்கு 1963இல் நியூயார்க்கில் பிறந்தவர். பத்து வயதில் குடும்பத்தோடு டப்ளினுக்குத் திரும்பியவர். ஊரும் பள்ளியும் ஒருசேர மாறிய பிள்ளையின் மனநிலையை நம் வாசகர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மேளக்காரர் கோலம் ஓ கீசோக் தொடக்கமுதல் அவருடன் இருந்தவர். குழு பெர்லினுக்கும் பின்னர் லண்டனுக்கும் குடிபெயர்ந்த காலத்தில் பாஸ் கிதார் வாசிக்கும் டெபி கூஜ் அம்மையாரும், பாடுபவரும் கிதார்க் கலைஞருமான பிலிண்டா புட்சர் அம்மையாரும் வந்து சேர்ந்தனர். இந்நால்வரே உலகம் அறிந்த குழு.

இவர்களுடைய இசையில் புதுமை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். மின்சாரக் கிதாரில் தந்திகளைத் தாங்கும் பாலத்தோடு ஓர் உலோகக் கை பொருத்தப்பட்டிருக்கும். அதனை அழுத்தினால் தந்திகள் யாவும் ஒருங்கே தளர்ந்து சுருதி இறங்கும். ஏனையோர் ஏதோ ஓரிடத்தில் அலங்காரமாக அதனைத் தொட்டுவிட்டு விடுவர். ஷீல்ட்ஸோ அக்கையைப் பிடித்தபடியே இடைவிடாது தந்திகளை மீட்டினார். நம் வீணையில் ஒரு தந்தியை இழுத்து ஒரு ஸ்வரத்தை அசைக்கிறோம். இவர் பல ஸ்வரங்கள் சேர்ந்த முழுத் திரளையும் நீரில் ஆடும் நிழல்போல் அசையச் செய்தார். அதன் அடியில் பாடும் குரல்கள் அமிழ்ந்து கிடக்கும். சொற்கள் தெளிவாகக் கேளா. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட சற்று நேரத்துக்குள்ளேயே புட்சர் அம்மையார் பாடிப் பதிவு செய்ததும் உண்டு. அந்த அரைத்தூக்கத்தின் சாயலைப் பாட்டில் இன்றும் உணரலாம்.

இம்முறை முழுமை பெற்ற தொகுப்பே 1991இல் வெளிவந்த 'லவ்லெஸ்'. அதனை ஒலிப்பதிவு செய்ய ஏறத்தாழ இரண்டாண்டுகள் பிடித்தன. பத்தொன்பது ஒலிப்பதிவுக் கூடங்கள் மாறின. இரண்டரை இலட்சம் பவுன் செலவாயிற்று என்று ஊர் பேசிற்று. ஷீல்ட்ஸ் அக்கணக்கை ஒப்பவில்லை. மேளக்காரர் நோயுற்றிருந்தமையால் அவர் வாசித்த துணுக்குகளை ஒட்டியே பெரும்பாலான தாளங்கள் அமைக்கப்பட்டன. கூஜ் அம்மையாரின் பெயர் உறையில் இருக்கிறது, வாசித்தவரோ ஷீல்ட்ஸே. இசைத்தட்டு பெரும் பாராட்டைப் பெற்றது. ஆயினும் அதனை வெளியிட்ட கிரியேஷன் நிறுவனத்தின் தலைவர் ஆலன் மக்கீ, இம்மனிதரோடு இனி ஒரு முறை பணிபுரிய இயலாது என்று குழுவை விலக்கிவிட்டார்.

1992இல் ஐலண்டு என்னும் பெரிய நிறுவனம் அவர்களை ஏற்றுக்கொண்டது. கிடைத்த பணத்தில் தென்லண்டனில் ஸ்டிரெத்தம் பகுதியிலுள்ள வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் கட்டப்பட்டது. கூடம் எழுந்தது, கருவிகள் பழுதாயின, பாட்டு மட்டும் வெளிவரவில்லை. பதிவு செய்தவை பலவும் கைவிடப்பட்டன. அவ்வாண்டுகளில் புதிதாக வெளிவந்தவை என்று சொல்லத்தக்கவை, லூயி ஆம்ஸ்டிராங் பாடிய ஒரு பழைய பாட்டையும் வயர் என்னும் குழுவின் ஒரு பாட்டையும் இவர்கள் தம் பாணியில் மீண்டும் பாடியவை மட்டுமே. முந்தையதற்கு ஈடாகாத ஒன்றை வெளியிட மனம் ஒப்பவில்லை என்பதே ஷீல்ட்ஸ் பின்னாளில் கூறிய காரணம்.

வண்டி தாமதமானால் காரணம் எழுதியே தீர வேண்டிய இலாகாவில் பணிபுரியும் எனக்கு, இக்காரணத்தை எந்தப் பத்தியில் குறிப்பது என்று விளங்கவில்லை. சோம்பல் என்று எழுத முடியாது. மனிதர் இரவு பகலாக உழைத்திருக்கிறார். கலைஞனின் நேர்மை என்று எழுதலாம். அப்படி எழுதிவிட்டு எழுந்து போய்விட்டால், மற்ற மூவரின் கணக்கு விடுபட்டுப்போகும். தலைவருக்குத் திருப்தி பிறக்கும்வரை அவர்களுக்கு வேலையில்லை; வேலையில்லாவிட்டால் வருவாயுமில்லை. 1995இல் மேளக்காரரும் கூஜ் அம்மையாரும் விலகினர். உலகம் போற்றிய குழுவின் பாஸ் கிதார்க் கலைஞராகிய அவ்வம்மையார் லண்டனில் வாடகைக் கார் ஓட்டினார். பின்னர் வேறு ஒரு குழுவைத் தொடங்கினார். மேளக்காரர் ஹோப் சாண்டோவால் என்னும் பாடகியோடு சேர்ந்து இசையமைக்கலானார். 1997இல் புட்சர் அம்மையாரும் போய்விட்டார். காத்திருந்தவர்கள் என்றதும் ரசிகர்களையே எல்லாரும் நினைக்கின்றனர். ரசிகருக்குக் கேட்க வேறு இசைத்தட்டுகள் இருந்தன.

ஷீல்ட்ஸ் முற்றிலும் ஓய்ந்திருக்கவில்லை. பிரைமல் ஸ்கிரீம் என்னும் குழுவோடு சேர்ந்து கிதார் வாசித்தார். 2003இல் சோபியா கொப்போலா இயக்கிய 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' என்னும் திரைப்படத்துக்குச் சில பகுதிகளுக்கு இசையமைத்தார். டோக்கியோ நகரில் மொழி புரியாது தங்கும் இருவரைப் பற்றிய அப்படத்துக்கு அவருடைய மங்கலான ஒலி மிகப் பொருந்திற்று.

திருப்பம் ஏற்பட்டது 2006இல். பழைய இசைத்தட்டுகளைச் செப்பனிட்டு மறுபதிப்பாக வெளியிட அவர் முனைந்தபோது, 1996, 1997 ஆண்டுகளில் பதிவு செய்து கைவிட்ட ஒலிநாடாக்களையும் போட்டுக் கேட்டார். அன்று குறையாகத் தோன்றியவை இப்பொழுது அப்படித் தோன்றவில்லை. 2008இல் நால்வரும் மீண்டும் மேடை ஏறினர். கச்சேரிக்கு வந்தோருக்கு வாயிலில் காதடைப்பான் வழங்கப்பட்டது! இறுதிப் பாட்டின் நடுவே ஏறத்தாழ இருபது நிமிடம் ஒரே பேரோசையை எழுப்புவது இவர்கள் வழக்கம். எனவே அது வீண் எச்சரிக்கையன்று.

2013ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று லண்டனில் நடந்த கச்சேரியில், புதிய தொகுப்பு இரண்டு மூன்று நாட்களில் வரக்கூடும் என்று ஷீல்ட்ஸ் அறிவித்தார். அவருடைய தேதிகளை அறிந்தவர்கள் எவ்வாறு நம்புவர்? ஆனால் பிப்ரவரி 2 சனிக்கிழமை இரவு, எந்த நிறுவனத்தின் துணையுமின்றி, குழுவின் சொந்த இணையதளத்திலேயே அது விற்பனைக்கு வந்துவிட்டது. பலர் ஒரே நேரத்தில் முண்டியடித்ததால் தளம் முடங்கியது. இருபத்தொரு ஆண்டுகள் காத்தவர்களால் இன்னும் சில மணி நேரம் காத்திருக்க இயலவில்லை போலும்.

தொகுப்பின் பெயர் குழுப் பெயரின் மூன்று முதலெழுத்துகளே: 'எம் பி வி'. பாட்டுகள் ஒன்பது, நேரம் சுமார் 46 நிமிடம். யாவரும் கணினியில் பதிவு செய்யும் காலத்தில் இதனைப் பழைய முறையில் ஒலிநாடாவிலேயே பதிவு செய்தனர். முதல் மூன்று பாட்டுகளைக் கேட்போருக்கு 1991ஆம் ஆண்டு முடியவேயில்லை என்று தோன்றும். அதே அலைவு, அதே அமிழ்ந்த குரல். இவற்றோடு நின்றிருந்தால், இதற்கா இத்தனை ஆண்டுகள் என்று நான் கேட்டிருப்பேன். நான்காம் பாட்டில் கிதாரின் ஆரவாரம் ஓய்ந்து, ஆர்கன் போன்ற ஒலியும் புட்சர் அம்மையாரின் குரலும் மட்டுமே மிதக்கின்றன. ஏழாம் பாட்டிலிருந்து தாளம் முன்னே வருகிறது. எட்டாவதில் பாட்டே இல்லை. ஒரே துணுக்கு, ஆலை இயந்திரம்போல் திரும்பத் திரும்ப இடிக்கிறது. ஒன்பதாவதாகிய 'வொண்டர் டூ' தலைக்குமேல் தாழப் பறக்கும் ஜெட் விமானம் போன்ற சுழற்சி. அதன் உள்ளே எங்கோ ஒருவர் அமைதியாகப் பாடிக்கொண்டிருக்கிறார். 'லவ்லெஸ்' தொகுப்பில் இப்படி ஒன்று இல்லை. முழுத் தொகுப்பாக நோக்கினால் பழையதே உயர்ந்தது என்பது என் கருத்து. ஆனால் இந்த இறுதி மூன்றும் அன்று எழுந்திருக்க முடியாதவை. கைவிட்ட நாடாவைப் பத்தாண்டு கழித்து எடுத்துக் கேட்டதற்கும், பிரிந்த மேளக்காரர் திரும்பி வந்து தாளம் வாசித்ததற்கும் கிடைத்த பயன் அவை.

2021ஆம் ஆண்டில் இக்குழுவின் தொகுப்புகள் கைப்பேசியில் கேட்கும் இசைச் சேவைகளுக்கும் வந்தன. பிள்ளைகள் கேட்பது என்னவென்று அறிய விரும்பும் பெற்றோர், ஆறாவதாக உள்ள 'நியூ யூ' என்னும் பாட்டிலிருந்து தொடங்கலாம். மெட்டு எளிது, மனத்தில் ஒட்டும். ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்க. ஒன்பதாம் பாட்டை மட்டும் அண்டை வீட்டார் உறங்கும் வேளையில் ஒலிபெருக்கியில் வைக்க வேண்டா.