சீட்டு வாங்கியும் சீட்டுக்குத் தனிக் காசா?

சென்ற மாசி மாதம் நமது சங்க உறுப்பினர்கள் நால்வர், புதுச் சீரக வரத்து நிலவரம் பார்த்துவர குஜராத் மாநிலம் உஞ்சா சந்தைக்குப் போய் வந்தோம். ரயிலில் போனால் போகவர மூன்று நாள் வண்டியிலேயே கழிந்துவிடும். அத்தனை நாள் கடையை விட்டிருக்க முடியாது என்பதால் சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு விமானத்தில் போவது என்று முடிவாயிற்று.

எங்களில் இளையவர் ஒருவர் செல்போனிலேயே டிக்கெட் போட்டார். பெயர், வயது எல்லாம் கொடுத்து முடித்ததும் விமானத்தின் உட்புறப் படம் ஒன்று வந்தது. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு விலை. நடுப்பகுதியில் 350 ரூபாய், கால் நீட்ட இடமுள்ள வரிசைக்கு 900 ரூபாய். எங்களுடன் வந்த மூத்தவர் அண்ணாச்சி கேட்டார்: "ஏன் தம்பி, சீட்டுதான் வாங்கியாச்சே. அப்புறம் சீட்டுக்குத் தனியா காசா? கொடுக்கலேன்னா நின்னுக்கிட்டா போகணும்?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து போகவர இரண்டு வழிக்கும் சேர்த்து 3,350 ரூபாய் கட்டினோம். அதில் 900 ரூபாய் அண்ணாச்சியின் முழங்கால் வலிக்காகக் கட்டியது. விமானத்தில் ஏறிய பிறகுதான் அது அவசரக் கதவை ஒட்டிய வரிசை என்று தெரிந்தது. ஆபத்து நேரத்தில் அந்தக் கதவைத் திறக்க உடல்வலிமை உள்ளவர்கள்தான் அங்கே உட்காரலாமாம். பணிப்பெண் மரியாதையாகத்தான் அவரை வேறு இடத்துக்கு மாற்றினார். 900 ரூபாய் திரும்பி வரவில்லை.

ஊர் திரும்பி விசாரித்ததில், அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாயமில்லை என்று தெரியவந்தது. உறுப்பினர்களில் பலர் இப்போது கொள்முதலுக்கும் கண்காட்சிக்கும் விமானத்தில் போய்வருவதால் விவரத்தை இங்கே எழுதுகிறோம்.

கட்டாயம் எது, விருப்பம் எது?

பயணி உட்கார்ந்து போவதற்கான இடம் டிக்கெட் விலையிலேயே அடங்கியது. தனியாகக் கேட்கும் பணம், இந்த இடம்தான் வேண்டும் என்று நாமே பொறுக்கி எடுப்பதற்கான கட்டணம். இருக்கை, சாப்பாடு, பெட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனியே பணம் வாங்க நம் நாட்டு விமான நிறுவனங்களுக்கு 2013-இல் அனுமதி கிடைத்தது. 2024-இல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வெளியிட்ட சுற்றறிக்கை, இவை பயணி விரும்பிக் கேட்டால் மட்டுமே வாங்க வேண்டிய கட்டணங்கள் என்று சொல்கிறது. இருக்கை தேர்ந்தெடுக்காதவருக்குத் தானாகவே ஓர் இருக்கை ஒதுக்கப்படும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

அப்படியானால் எதற்காகப் பணம் கட்டுகிறார்கள்? உள்நாட்டில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 180 இருக்கை உள்ள விமானத்தில் வழிக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்றாக 30 வரிசை. 60 பேர் நடுவில் உட்கார்ந்தே ஆகவேண்டும். நடு இருக்கையை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. ஜன்னலோரமும் வழியோரமும் விலைபோவது அதனால்தான்.

தக்காளிக் கடையில் பொறுக்கி எடுத்தால் ஒரு விலை, அள்ளிப் போட்டால் ஒரு விலை என்பது நமக்குப் புதிதல்ல. நல்ல சரக்குக்கு நல்ல விலை கேட்பதைக் குறை சொல்லவும் மாட்டோம். நமது வருத்தம் வேறு. முதலில் பலகையில் ஒரு விலையைக் காட்டி, வாடிக்கையாளர் பெயர், முகவரி எல்லாம் கொடுத்து மனதளவில் வாங்கி முடித்த பிறகு மேல்காசு கேட்பதைத்தான் தவறு என்கிறோம். 'வேண்டாம்' என்று சொல்லும் இடம் எங்கள் செல்போனில் கண்ணுக்கே தெரியாத சிறு எழுத்தில் இருந்தது. கண்ணில் பட்டிருந்தால் 3,350 ரூபாய் மிச்சம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது வியாபாரிக்கு எளிதில் புரியும். எல்லா நிறுவனங்களின் விலையும் ஒரே பட்டியலில் வரும்போது குறைந்த விலைக்காரர்தான் மேலே நிற்பார். ஆகவே பட்டியலில் விலையைக் குறைத்துப் போட்டு, விட்டதைப் பின்னால் பிடிக்கிறார்கள். மூட்டை விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு சாக்குப் பணம், ஏற்றுக்கூலி, தரகு என்று பில்லில் ஏற்றும் மொத்த வியாபாரிகளை நாமும் பார்த்திருக்கிறோம். (நம் சங்கத்தில் அப்படி யாரும் இல்லை என்றே நம்புகிறோம்!)

இதில் புழங்கும் பணம் சில்லறை அல்ல. அமெரிக்க செனட் துணைக்குழு ஒன்று 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த நாட்டின் ஐந்து விமான நிறுவனங்கள் 2018 முதல் 2023 வரை இருக்கைக் கட்டணமாக மட்டும் 1,240 கோடி டாலர் வசூலித்திருக்கின்றன. நம் பணத்தில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நம் நாட்டிலும் 2018 நவம்பரில், இணையவழி செக்-இன் செய்வோருக்கு எல்லா இருக்கைக்கும் கட்டணம் என்று இண்டிகோ அறிவித்தபோது பயணிகள் கொதித்தார்கள். மத்திய அமைச்சகம் அதை ஆராய்வதாகச் சொன்னது. விமான நிலையத்தில் இலவசமாக ஒதுக்கும் இருக்கையைப் பெற்றுக்கொள்ளலாம் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

நமக்கு ஒரு சட்டம்

பெட்டிக் கடைக்காரர் ஒரு குளிர்பான பாட்டிலுக்கு 'கூலிங் சார்ஜ்' என்று அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் இரண்டு ரூபாய் வாங்கினால் குற்றம். எடையளவுத் துறை வந்து நிற்கும். பில் போடும் இடத்தில் திடீரென்று பைக்குத் தனிக் காசு கேட்ட ஒரு பெரிய அங்காடி நிறுவனத்தின் செயல் முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பைக்குக் காசு உண்டு, விலை இவ்வளவு என்று சரக்கு எடுக்கும் முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும் என்பதே அதன் சாரம். 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளும், இணைய விற்பனையில் விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக் காட்டுவதையும், கேட்காததைக் கூடையில் சேர்த்துவிடுவதையும் தடை செய்கின்றன. இருக்கை விருப்பப் பொருள்தானே என்று விமான நிறுவனங்கள் வாதிடலாம். விருப்பப் பொருள் என்றால் 'வேண்டாம்' என்பதும் 'வேண்டும்' என்பதைப் போலப் பெரிய எழுத்தில் இருக்கட்டும் என்கிறோம்.

டிக்கெட் போடும்போது

இருக்கைப் படம் வந்தால் பதற்றப்படாமல் 'தவிர்' என்பதைத் தேடி அழுத்துங்கள். செக்-இன் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன் திறக்கும். அப்போது இலவச இருக்கை இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஒதுக்குவதை ஏற்கலாம். சேர்ந்து போகிறவர்கள் ஒரே பி.என்.ஆர். எண்ணில் டிக்கெட் போடுவது நல்லது. 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, அதே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவரின் அருகில் இடம் தரவேண்டும் என்று 2024 ஏப்ரலில் உத்தரவு வந்திருக்கிறது. பிள்ளை பக்கத்தில் இருக்கவேண்டுமே என்ற பயத்தில் பணம் கட்ட வேண்டாம். விதிகள் அடிக்கடி மாறுவதால் பயணத்துக்கு முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளவும். கால்வலிக்காரருக்கு இடம் வாங்குவதானால் வழியோர இருக்கை போதும். கதவு வரிசை வேண்டாம். அண்ணாச்சி அனுபவத்தில் சொல்கிறோம்.

கேட்காமலே கட்டணம் சேர்ந்திருந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் நிறுவனத்திடமும், பிறகு மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் செய்யலாம். வியாபார நிமித்தம் போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துவிடுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்கள் உள்ளீட்டு வரி வரவு எடுக்க அந்த இன்வாய்ஸ் வேண்டும். நாங்கள் நால்வரும் அதையும் கொடுக்க மறந்துவிட்டோம்.